நாலாவது பாட்டு

ஜன. 18, ஞாயிறு

காலை 44 டிகிரி ஃபாரன்ஹீட். மேகம். அடுத்த சனி, ஞாயிறு கடும் குளிராம், டி.வி.யில் நாள் முழுக்க அதே பேச்சு. குளிர் என்றால் ஹூஸ்டன்காரர்களுக்கு ஊரே ரெண்டுபட்டுப் போகும். ஸ்காட்லாந்தில், அபர்டீனில் பதினோரு குளிர்காலம் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனாலும் வெளிக்குழாய்களுக்கு உறை மாட்ட வேண்டும். முன்பு ஒரு தடவை குழாய் வெடித்துச் சமையலறைக் கூரை இறங்கியதைச் செல்வி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கடைக்குப் போய் இரண்டு உறை வாங்கி வந்தேன். கராஜ் அலமாரியில் வைக்கப் போனால் ஏற்கெனவே நாலு. புதுசு, பிரிக்காதது. பைக்குள் ரசீது. தேதி 16, போன வெள்ளி. என் கார்டு.

போனது நினைவில்லை. மங்கலாகக்கூட இல்லை.

ஆறையும் ஒரே பையில் போட்டுப் பின்னால் தள்ளிவிட்டேன். செ. கேட்டால் (செல்வி என்று முழுசாக எழுதக் கை வலிக்கிறது) எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியதாகச் சொல்லலாம். கேட்கவில்லை.

செய்ய வேண்டியது:
– குழாய் உறை (ஆயிற்று. ஆனதற்கு மேலும் ஆயிற்று)
– 25-ஆம் தேதி விருந்துக்கு யார் யார்? கென்னுக்குச் சொல்ல
– ஓட்ஸ், உருளை, மஞ்சள் டர்னிப்
– விஸ்கி எவ்வளவு இருக்கிறது
– பாட்டை ஒரு தடவை சொல்லிப் பார்க்க

ஜன. 20, செவ்வாய்

ஆபீஸ். 39 டிகிரி. பார்க்கிங்கில் காற்று.

மதியம் லலிதா என் மேஜைக்கு வந்தாள். எங்கள் டீமில் இருக்கும் இன்னொரு தமிழ். மதுரை. "சார், இந்த வருஷமும் உங்க வீட்ல அந்த ஆட்டுக்குடல் பூஜை உண்டா? போன வருஷம் நான் ஊருக்குப் போயிட்டேன். என்னதான் சார் அது?"

விளக்கினேன். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஒரு கவிஞர். ஜனவரி 25 அவர் பிறந்த நாள், அன்று ராத்திரி வீட்டுக்கு வீடு விருந்து. ஹாகிஸ் என்று ஒரு பதார்த்தம். ஆட்டு இரைப்பைக்குள் ஈரல், இருதயம், ஓட்ஸ், வெங்காயம், மிளகு எல்லாம் அடைத்து வேகவைத்தது. அதை மேஜை நடுவில் வைப்பார்கள். வீட்டுக்காரர் கத்தியோடு எழுந்து நின்று, அந்தப் பதார்த்தத்தையே பார்த்து, கவிஞர் அதன்மேல் எழுதிய எட்டுப் பாட்டைச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் கத்தி இறங்கும். எட்டு முடிந்ததும் கைதட்டு, விஸ்கி, சாப்பாடு. தாளைப் பார்த்தும் வாசிக்கலாம், தப்பில்லை. ஆனால் மனப்பாடமாகச் சொல்பவனுக்குத்தான் மரியாதை.

"நீங்க மனப்பாடமா சார்?"

"இருபத்தஞ்சு வருஷமா."

அவளுக்கு ஆச்சரியம். ஆங்கிலம்கூட இல்லை அது, ஸ்காட்டுக்காரர்களின் சொந்தப் பாஷை என்றதும் இன்னும் ஆச்சரியம். அபர்டீனில் முதல் ஜனவரி, கம்பெனி விருந்தில் யாரும் முன்வராமல் என் பெயரை எழுதிவிட்டார்கள். ஈரோட்டுக்காரன் வாயில் அது எப்படி வருகிறது என்று பார்த்துச் சிரிக்கலாம் என்று. மூன்று வாரம் குளியலறையில் நின்று நெட்டுரு. சொல்லி முடித்தபோது அறுபது பேர் எழுந்து நின்றார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் ஊர் மாறியும் விடவில்லை. செ. இதற்கு வைத்திருக்கும் பெயர் அர்ச்சனை. "உங்கப்பா அர்ச்சனைக்கு நேரமாச்சு, தட்டு எடுத்து வை கண்ணு" என்பாள் யாழினியிடம்.

லலிதாவிடம் சொல்லாதது ஒன்று. நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காரில் சொல்லிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தடுமாற்றம் வேறு, அது எல்லாருக்கும் வரும். இது அங்கே ஒரு பாட்டு இருந்த அடையாளமே இல்லாத மாதிரி. சிக்னல் பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இன்று காலையும் அதே. மூன்று வரை சரி. நாலாவது இல்லை.

ஜெலூசில் எடுத்தேன். இது ஜெலூசில் சமாசாரம் இல்லை என்று தெரியும்.

ஜன. 21, புதன்

மழைத் தூறல். 46.

காலை ஒன்பது மணி மீட்டிங். புது எண்ணெய்க் கிணற்றின் டிசைன். சிமெண்ட் எத்தனை அடி ஆழத்துக்கு என்று கேட்டேன். சொன்னார்கள். குறித்துக்கொண்டேன். லலிதா அடுத்த படத்தைக் காட்டினாள். நான் சிமெண்ட் எத்தனை அடி ஆழத்துக்கு என்று கேட்டேன்.

ஒரு விநாடி எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த ஒரு விநாடியை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இன்று இந்த நோட்டை எடுத்தேன். லலிதா மட்டும் மெதுவாக, "அதேதான் சார், முன்னாடி சொன்னதுதான்" என்றாள். என் தாளில் என் கையெழுத்தில் எண் இருந்தது. இரண்டு தடவை கேட்டிருக்கிறேன் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மீட்டிங் முடிந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. கால் சில்லிட்டது.

அப்பாவுக்கு அறுபத்தொன்றில் ஆரம்பித்தது. காய் வாங்கப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து மூன்றாம் வருஷம் அம்மாவைப் பார்த்து, "நீங்க யார் ஊட்டுப் புள்ளைங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

டாக்டரிடம் போகலாம். போனால் எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் உண்மையாகிவிடும்.

ஆகவே ஒரு முடிவு. எனக்கு நானே வைத்துக்கொள்ளும் பரீட்சை. 25 அன்று எட்டுப் பாட்டையும் தாள் இல்லாமல் சொல்லிவிட்டால் இது வெறும் வயசு, அசதி, தூக்கக் குறைவு. வாயைத் திறக்க மாட்டேன், இந்த நோட்டையும் கிழித்துப் போடுவேன். நடுவில் நின்றுவிட்டால் அன்றைக்கே செ.யிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். உறை, மீட்டிங், எல்லாம்.

நாலு நாள் இருக்கிறது.

ஜன. 22, வியாழன்

குளிர் செய்தி கெட்டிப்பட்டுவிட்டது. ஞாயிறு இரவு 20 டிகிரி, ரோட்டில் ஐஸ், கரண்ட் போனாலும் போகும். கடைகளில் பால், ரொட்டி, தண்ணீர் காலி.

எனக்கு நல்லதாகப் போயிற்று. வழக்கமாக வரும் பதினாலு பேருக்கும் மெசேஜ் அனுப்பினேன்: ரோடு மோசமாக இருக்கும், இந்த வருஷம் விருந்து இல்லை, யாரும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். எல்லாரும் அழகாகக் கட்டைவிரல் போட்டார்கள். கென் மட்டும் போன் செய்தார். அபர்டீனில் என்னோடு வேலை பார்த்தவர், இப்போது ரிட்டயராகி இங்கே பக்கத்து ஊரான கேட்டியில் இருக்கிறார். எழுபது வயசு. இது ஒரு குளிரா, சின்ன வயசில் இதில் அரை டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போனேன் என்றார். பிறகு குரல் இறங்கி, நீ சொல்வதைக் கேட்காத ஜனவரி ஒரு ஜனவரியா ராம் என்றார். வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்?

செ.வுக்கு ஆச்சரியம். "ஏனுங்க, யாருமே வேண்டாமுங்களா? நம்ம மூணு பேருக்கா அத்தனையும் ஆக்கறது?"

"சும்மா வீட்டோட, அமைதியா இருக்கட்டுமே."

"உங்களுக்கா அமைதி? போன வருசம் பேக்பைப் ஊதற சத்தம் பத்தலைன்னு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்த மனுசனுங்க நீங்க." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க. அமைதியாவே இருக்கட்டும்."

சாயங்காலம் பெட்ரூமில் யாழினியோடு (யா.) போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. "இல்ல கண்ணு, அது போன்ல சொல்ற விசயமில்ல. நீ வெள்ளிக்கெழமையே கெளம்பி வா. நேர்ல பாரு. பாத்துட்டு நீயே சொல்லு."

மறுபடியும் ஏதோ வரன். இருபத்தாறு வயசு ஆகிவிட்டது, செ. விடமாட்டாள். பாவம் யா.

பயிற்சி: காலை 3 பாட்டு. மதியம், காரில், 3. இரவு தாளைப் பார்த்து 8. தாளைத் திருப்பி வைத்ததும் 3.

ஜன. 23, வெள்ளி

லீவு போட்டேன். ஹில்கிராஃப்ட் போய் ஹலால் கடையில் ஈரல், இருதயம், கொழுப்பு. நுரையீரல் இந்த நாட்டில் விற்க முடியாது, அதனால் ஸ்காட்லாந்து அசல் இங்கே வராது. இரைப்பையும் செ. வீட்டுக்குள் விடமாட்டாள். எங்கள் ஹாகிஸ் இட்லித் துணியில் கட்டி இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகும் ஹாகிஸ். கென் முதல் தடவை பார்த்தபோது தலையில் கைவைத்தார். சாப்பிட்ட பிறகு மறுபடி தட்டை நீட்டினார்.

கடைக்காரருக்கு என்னைத் தெரியும். "ஹார்ட், லிவர், நோ லங்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. சரி, அது எல்லாருக்கும் நடப்பது.

திரும்பும்போது 59 ஃப்ரீவேயில் பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று முடிந்தது. நாலாவதைத் தேடினேன். தேடிக்கொண்டே நிமிர்ந்தால் இரண்டு பக்கமும் வெறும் வயல். கடைகள் இல்லை. எந்த ஊர் என்று தெரியவில்லை. கை தானாக ஓட்டிக்கொண்டிருக்கிறது, வண்டி எழுபதில் போகிறது. ரோசன்பர்க் போர்டு வந்தது. எங்கள் ஷுகர்லேண்ட் எக்ஸிட் எப்போதோ போய்விட்டது. பதினாலு வருஷமாகத் தினம் இறங்குகிற எக்ஸிட்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, எழுதத்தான் வேண்டும். பக்கத்து ஸீட்டில் ஈரல் பை. அப்பா மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லாரும் வெளியிலிருந்துதான் பார்த்தோம். அவருக்கு உள்ளே எப்படி இருந்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டில் டிராஃபிக் என்று சொன்னேன்.

"வெள்ளிக்கெழம மத்தியானத்துலயா?" செ. பையை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

யா. ஆறு மணிக்கு ஆஸ்டினிலிருந்து வந்து சேர்ந்தாள். கட்டிப்பிடித்தாள். "அப்பா, ஆர் யூ ஓகே? யூ லுக் டயர்ட்." குளிர் என்றேன். சாப்பிடும்போது என்னென்னவோ கேட்டாள். அவளுடைய பழைய ரூம்மேட் பெயர், நாங்கள் அபர்டீனில் இருந்த தெரு, அவள் எந்த வருஷம் காலேஜ் முடித்தாள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். இவ்வளவு பாசமாக அவள் பேசி எத்தனை நாளாயிற்று. வரன் பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன்.

ஜன. 24, சனி

மதியமே 34. காற்று ஊளையிடுகிறது. குழாய்களுக்கு உறை மாட்டினேன். மொத்தம் மூன்று குழாய், ஆறு உறை. யா. கூடவே வந்து நின்றாள். மிச்ச மூன்றைப் பார்த்தாள். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தோம். டார்ச், மெழுகுவத்தி, ரேடியோ.

செ. ஈரலை வேகவைத்து அரிந்தாள். அவள் கணக்கில் மிளகோடு சோம்பும் உண்டு, கேட்டால் "இல்லீன்னா நாறுமுங்க" என்பாள். ஓட்ஸை நெய்யில் வறுக்கும் வேலை எனக்கு. கருக விட்டுவிட்டேன். மறுபடி வறுத்தேன். இரண்டாவது தடவை அவள் பக்கத்திலேயே நின்றாள், வேறு ஏதோ வேலையாக நிற்பதுபோல.

பயிற்சி:
காலை 5.40 – 3
9.15 – 3, நாலாவதின் முதல் வார்த்தை வந்தது, போய்விட்டது
மதியம் – 3
3 மணி, கராஜில் – 2 (!!)

இரண்டு. இதுவரை இரண்டு ஆனதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு பாட்டின் முதல் வார்த்தையையும் சின்னத் தாளில் எழுதித் தட்டுக்கு அடியில் வைக்கலாமா என்று ஒரு யோசனை. எழுதியும்விட்டேன். ஐம்பத்தெட்டு வயசில் பிட் அடிக்கப் பார்க்கிறேன், யாரை ஏமாற்ற? கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகு செ. பார்த்துவிடுவாளோ என்று துண்டுகளைப் பொறுக்கிக் கழிவறையில் போட்டேன். அங்கேயே நின்றேன். எனக்கு அப்பா மாதிரி ஆக வேண்டாம். அவ்வளவுதான். கடவுளே, எனக்கு அப்பா மாதிரி ஆக வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டில் வீடியோ விஷயம் சொன்னேன். கென்னுக்கு அனுப்ப வேண்டும், யா.வின் போனில் நன்றாக வரும்.

யா. அம்மாவைப் பார்த்தாள். "டூ வீ ஹாவ் டு, அப்பா? வீ கேன் ஜஸ்ட் ஈட்."

"அதெல்லாம் முடியாது. அர்ச்சனை இல்லாம சாப்பாடா?"

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். செ. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உங்களுக்கு முடியலீன்னா வேண்டாமுங்க. நாங்க என்ன வெளி ஆளா?" என்றாள்.

முடியலீன்னா என்றால் என்ன அர்த்தம்? ஏன் அப்படிச் சொன்னாள்?

ஜன. 25, ஞாயிறு

மணி எட்டரை. விருந்து முடிந்தது. ஒரே சந்தோஷம். கரண்டும் போகவில்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

வெளியே மூன்று மணிக்கே ஐஸ் மழை. வாசல் படி கண்ணாடி. தெருவில் ஒரு கார் இல்லை. சட்டை மாற்றப் போய் பெட்ரூமில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிடலாமா? குளிர் காய்ச்சல்? செ. வந்து கதவில் நின்று, "வெந்துருச்சுங்க" என்றாள். போனேன். தூக்குமேடைக்குப் போகிறவன் இப்படித்தான் நடப்பான்.

ஆறரை. மேஜையில் மூன்று தட்டு. மசித்த உருளை, மசித்த டர்னிப். செ. துணியை அவிழ்த்து ஹாகிஸை வட்டத் தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்தாள், ஆவி பறக்க. போனில் பேக்பைப். யா. போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். கத்தியை எடுத்தேன்.

முதல் பாட்டு. இரண்டு. மூன்றில் கத்தி இறங்கியது, துணிச் சுருக்கம் பதிந்த அந்த மேல்தோல் கிழிந்து மிளகு வாசனை வந்தது. இனி நாலு என்று நினைத்தேன். இனி அவ்வளவுதான், நிற்கப்போகிறேன், இவர்கள் இரண்டு பேருக்கும் எதிரில். வாயைத் திறந்தேன்.

வந்தது! தானாக வந்தது. ஒரு வார்த்தையைப் பிடித்து அடுத்தது, அதைப் பிடித்து அடுத்தது, எங்கும் நிற்கவில்லை. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அபர்டீனில் அந்த முதல் வருஷம் வந்த மாதிரி வந்தது. கடைசியில் குரலை உயர்த்தி, கிளாஸைத் தூக்கி முடித்தேன். எட்டும் ஆயிற்று.

செ.தான் முதலில் கைதட்டினாள். பலமாக, விடாமல் தட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர். இருபத்தைந்து வருஷம் கேலி செய்தவள்! யா. போனை வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள், விடவே இல்லை. பிறகு பாத்ரூம் போய் வெகு நேரம் வரவில்லை. பெண்ணுக்கு இவ்வளவு இளகிய மனசு என்று எனக்குத் தெரியாது.

விஸ்கி இரண்டு. ஹாகிஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நாலைந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதே இன்றுதான் தெரிகிறது. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. கென்னுக்கு அனுப்பு என்றேன். "டுமாரோ, அப்பா" என்றாள் யா.

சும்மா பயந்து செத்தேன். உறை, மீட்டிங், எக்ஸிட் எல்லாம் அசதி. ஒரு வாரம் லீவு போட்டு நன்றாகத் தூங்கினால் சரியாகும். டாக்டரும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். பரீட்சை பாஸ். நோட்டை நாளைக்குக் கிழித்துப் போடுவேன்.

ஜன. 26, திங்கள்

19 டிகிரி. ஆபீஸ் மூடல். மரக்கிளைகளில் ஐஸ், வெயில் பட்டு மின்னுகிறது. தோட்டத்து எலுமிச்சை போச்சு.

காபி குடிக்கும்போது கேட்டேன், கென் பதில் போட்டாரா. இன்னும் அனுப்பவில்லை என்றாள் யா. ஏன்? வீடியோ சரியாக வரவில்லையாம், வெளிச்சம் பத்தவில்லையாம். சரி, காட்டு. "லேட்டர், அப்பா." செ.யைப் பார்த்தேன். அவள் சிங்க்கில் காய்ந்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். "அப்புறம் பாக்கலாமுங்க. இப்ப என்ன அவசரம்?"

பதினொரு மணிக்கு இரண்டு பேரும் பக்கத்து வீட்டு அங்கிளுக்குச் சூப் கொடுக்கப் போனார்கள். யா. போனில் எடுப்பது எல்லாம் வீட்டு டி.வி.யில் தானாக வந்து விழும், கிறிஸ்துமஸுக்கு அவளே செய்து கொடுத்த ஏற்பாடு. போட்டேன். முதலாவதாக அதுதான் இருந்தது.

வெளிச்சமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் பாட்டு சரி. இரண்டு சரி. மூன்றில் கத்தி இறங்குகிறது. நான் நிமிர்கிறேன், மூச்சு வாங்குகிறேன், சிரிக்கிறேன். பிறகு அதே குரலில், அதே ராகத்தில், ஸ்காட்டுக்காரர்கள் மாதிரி ர-வை உருட்டி, ஹாகிஸைப் பார்த்துச் சொல்கிறேன்: ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. மூப்பதினாறு நாற்பத்தெட்டு.

போனுக்குப் பின்னாலிருந்து யா. குரல்: "அம்மா?"

செ. கை படத்தின் ஓரத்தில் வருகிறது. வேண்டாம், பேசாதே என்கிற கை.

நான் சொல்லிக்கொண்டே போகிறேன். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு. எந்த இடத்திலும் நிற்கவில்லை, கத்தியை ஆட்டுகிறேன், ஒரு இடத்தில் செ.யைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன். பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று கிளாஸைத் தூக்குகிறேன். கைதட்டு. டி.வி.யில் இருக்கிற அந்த ஆள் தலைகுனிந்து வணக்கம் சொல்கிறான்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாலாவது பாட்டு வந்துவிடும் என்று காத்திருந்தேன். எனக்கு இன்னும் நேற்று எட்டுப் பாட்டும் சொன்னதாகத்தான் நினைவு. இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைவு. அதுதான் தாங்க முடியவில்லை. மறந்தால் மறந்தது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் உள்ளே வந்தது கேட்கவில்லை. திரும்பினால் செ. சூப் தூக்கோடு நிற்கிறாள். டி.வி.யைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யா. வாசலிலேயே நின்றாள், ஷூகூடக் கழற்றாமல்.

"பயமா இருக்கு செல்வி" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"தெரியுமுங்க. தீவாளியில இருந்தே எனக்கும் அதே வெசனந்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் புள்ளைய வரச்சொன்னேன். வியாழக்கெழம டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"நேத்தே நிறுத்தியிருக்கலாமில்ல? எதுக்குக் கைதட்டின?"

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவ்வளவு சந்தோசமா நின்னீங்க. நான் வேற என்னங்க பண்றது?"

வியாழன், 10.30. டாக்டர். செ. ஓட்டுவாள். கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.